கிளட்ச் கால்

குருபரப்பள்ளி தாண்டியதும்
முதலில் கட்டைவிரல் மரத்துப்போகும்.
அப்புறம் கெண்டைக்கால்.
காவேரிப்பட்டணம் வருவதற்குள்
இடுப்பிலிருந்து ஒரு சுட்ட கம்பி
தொடையின் பின்பக்கமாக இறங்கி
குதிகாலில் முட்டி நிற்கும்.

நடுவில் கிருஷ்ணகிரி டோல்கேட்.
முன்னால் பதினேழு வண்டி.
மிதி, விடு. மிதி, விடு.
கல்யாண வீட்டில் அம்மி அரைப்பவளுக்கும்
ஒரு கை மாற்ற இன்னொரு கை உண்டு.
கிளட்ச்சுக்கு இடது கால்தான்.

பின்னால் இரண்டே கல்.
இருபத்தாறு டன் கிரானைட்.
அசையாமல் இருக்கச் சங்கிலி போட்டு
நான்கு மூலைக்கும் ஆப்பு வைத்திருக்கிறோம்.
எனக்கு ஒரு பெல்ட்.
நானூற்று எண்பது ரூபாய்,
தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மெடிக்கல்.

ஆடியில் வண்டி எஃப்சிக்குப் போனது.
கமான் பட்டையில் மூன்று முறிந்திருக்கிறது என்றார் மேஸ்திரி.
முதலாளி மறுபேச்சில்லாமல் மாற்றச் சொன்னார்.
வேலையைப் பார்க்கிற சாக்கில் நானும்
வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தேன்.
கிரீஸும் மண்ணும் ஒட்டிய அந்தத் தரையில்
ஆறு நாள் வலியே இல்லை.
ஏழாம் நாள் பெயிண்ட் காய்ந்துவிட்டது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
எல் நாலு, எல் அஞ்சு என்றார்
டவுன் பஸ் நம்பர் சொல்வதுபோல.
"மூணு மாசம் வண்டி எடுக்காதீங்க."
மூணு மாச டியூவை
அவரே கட்டிவிடுவார் என்பதுபோல
அவ்வளவு லேசாக.

பிசியோதெரபி அறையில் தில்ஷாத்
"குப்புறப் படுங்கண்ணா" என்றது.
இடுப்பில் கை வைத்துவிட்டு
"இது இன்னாண்ணா?"
இடது பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை உருவி
இரண்டு விரலால் தடிமன் பார்த்தது.
"இது மேல உக்காந்தா ஓட்டறீங்க?
ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்.
ரோடே அப்படி இருந்தா வண்டி தாங்குமா?"

பெஞ்சில் கொட்டிப் பார்த்தேன்.
லைசென்ஸ்.
சித்தூர் போலீஸ் ரசீது, அனந்தப்பூர் போலீஸ் ரசீது,
ரசீதே தராத ஒருவர் கிறுக்கிக் கொடுத்த துண்டு.
ஆறாம் வகுப்பில் எடுத்த மகள் போட்டோ
(இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம்).
நாகவேணியின் தோட்டுக்கும் வளையலுக்கும்
இரண்டு அடகுச் சீட்டு.
எழுபது ரூபாய்.
காசுதான் அதில் மெலிசு.

பத்தொன்பது வருஷம்
தினம் பன்னிரண்டு மணி நேரம்
இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டில் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன்.
நாகவேணி சீட்டுகளை வாங்கித்
தேதியை மட்டும் பார்த்தாள்.
"ரெண்டும் முழுகிடுச்சு" என்றாள்.
அடுப்பை ஏற்றி
வெந்நீர்ப் பைக்குத் தண்ணீர் வைத்தாள்.

இப்போது பர்ஸ் டேஷ்போர்டில் கிடக்கிறது.
காரிமங்கலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி
தார்ப்பாயை விரித்து
முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கிறேன்.
குப்பத்துக்கார கிளீனர் முனிராஜ் எண்ணுகிறான்:
ஒகட்டி, ரெண்டு, மூடு.
பத்துக்கு முன்னால் ஏழை விட்டுவிடுவான்.
நானும் திருத்துவதில்லை.
முதல் நாள் டீக்கடைக்காரர்
ஆள் விழுந்துவிட்டான் என்று
சொம்போடு ஓடி வந்தார்.
இன்று எழுந்த பிறகுதான் டீ ஆற்றுகிறார்.

பாளையம் தாண்டினால் தொப்பூர்.
கருகிய வண்டிகளை அங்கே நான் பார்த்திருக்கிறேன்.
இரட்டைப் பாலத்துக்கு முன்னால்
எல்லோருக்கும் வாய் உலரும்.
இரண்டாம் கியரில் போட்டுவிட்டால்
கீழே போய்ச் சேரும்வரை
கிளட்ச்சைத் தொடக் கூடாது.
எஞ்சின்தான் கல்லைப் பிடித்துக்கொண்டு
உறுமி உறுமி இறங்க வேண்டும்.

யாரிடமும் சொன்னதில்லை.
இந்த இறக்கம் முழுக்க
என் இடது காலுக்கு வேலையே கிடையாது.
செருப்பைக் கழற்றித்
தரையில் நீட்டி வைக்கிறேன்.
தகரத்தின் சூடு பாதத்தில் ஏறுகிறது.
கட்டைவிரலை அசைத்துப் பார்க்கிறேன்.
அசைகிறது.
வலிக்கிறது.
சரி.